நிர்வாகி அணுக்கத்தை மீளப்பெறல்

நிர்வாகி அணுக்கத்தை மீளப்பெறல் என்பது, இயங்குதள மேம்படுத்தலுக்குப் பின்னர் ஒரு கணினியின் நிர்வாகிக்குரிய உரிமைகள் கைவிட்டுப் போகும்போது, அக்கணினியின் உரிமையாளர் அவற்றை மீண்டும் அடைவதற்கான வழிமுறைகளைக் குறிக்கும். கடவுச்சொல் ஏற்கப்படாமை, கடவுச்சொல் ஏற்கப்பட்டும் மென்பொருள் நிறுவ இசைவு கிடைக்காமை, நிர்வாகி கணக்கே திரையில் தோன்றாமை ஆகியன இந்நிலையின் பொதுவான அறிகுறிகள் ஆகும்.

நிர்வாகி அணுக்கத்தை இழப்பதும் தரவை இழப்பதும் ஒன்றல்ல. முன்னதில் கோப்புகள் வன்தட்டில் பழுதின்றியே இருக்கும். அவற்றைக் கையாளும் உரிமை மட்டுமே தடைபட்டிருக்கும். இவ்வேறுபாடு அறியப்படாமையால், எளிதாக மீட்கக்கூடிய கணினிகளின் வன்தட்டுகள் முற்றாக அழிக்கப்பட்டு, இயங்குதளம் புதிதாக நிறுவப்படுவது உண்டு. வன்தட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்ட கணினிகள் இதற்கு விலக்கு. அவற்றில் மீட்புச் சாவி தொலைந்தால் தரவும் தொலைந்ததாகவே கொள்ளவேண்டும்.

## நிர்வாகி கணக்கு

பல பயனர்கள் பயன்படுத்தும் இயங்குதளங்களில், எல்லாக் கோப்புகளையும் அமைப்புகளையும் மாற்றவல்ல கணக்கு ஒன்று உண்டு. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இது ரூட் எனப்படும். இக்கணக்கைக் கருனி அதன் பெயரால் அன்றி, 0 என்னும் பயனர் எண்ணாலேயே அறிகிறது. அன்றாடப் பணிகளுக்கு ரூட் கணக்கைப் பயன்படுத்துவது ஆபத்தானது என்பதால், குறிப்பிட்ட கட்டளையை மட்டும் ரூட்டின் உரிமையுடன் இயக்கும் சூடோ என்னும் நிரல் 1980 அளவில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகியோரால் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. 2004 அக்டோபரில் முதன்முதலாக வெளியான உபுண்டு, ரூட் கணக்கைப் பூட்டிவைத்து, நிறுவும்போது உருவாக்கப்படும் முதற் பயனருக்குச் சூடோ உரிமையை வழங்கும் முறையைப் பரவலாக்கியது.

விண்டோஸ் குடும்பத்தில் இம்முறை 1993 இல் வெளியான விண்டோஸ் என்டியுடன் வந்தது. அதில் உள்ளமைந்த நிர்வாகி கணக்கின் அடையாள எண் 500 என முடியும். கணக்கின் பெயரை மாற்றினாலும் இவ்வெண் மாறாது. 2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுப் பயனர்கள் பெரும்பாலும் நிர்வாகி உரிமையுடனேயே இயங்கினர். நச்சுநிரல் பரவலுக்கு இது வழிவகுத்ததால், 2007 இல் வெளியான விஸ்டா முதல் உள்ளமைந்த நிர்வாகி கணக்கு இயல்பில் முடக்கப்பட்டது. நிர்வாகி குழுவில் உள்ள பயனரும் ஒவ்வொரு முக்கிய மாற்றத்துக்கும் திரையில் இசைவு தரவேண்டும் என்ற முறையும் அப்போதே வந்தது.

### கடவுச்சொல் சேமிக்கப்படும் விதம்

கடவுச்சொற்கள் உள்ளபடியே சேமிக்கப்படுவதில்லை. ஒருவழிக் கணக்கீடு ஒன்றின் மூலம் பெறப்படும் மதிப்பே கோப்பில் எழுதப்படுகிறது. அம்மதிப்பிலிருந்து கடவுச்சொல்லை நேரடியாகத் திரும்பப் பெற இயலாது. ஆகவே கடவுச்சொல் மீட்பு என்று வழங்கப்படுவதில் உண்மையில் நிகழ்வது, பழைய கடவுச்சொல்லைக் கண்டறிதல் அன்று. புதிய ஒன்றை அவ்விடத்தில் எழுதுதலே ஆகும்.

இக்கோப்புகளைக் காப்பது இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளமே. கணினியை வேறொரு இயங்குதளத்தால் தொடக்கினால், அவை வன்தட்டில் உள்ள சாதாரணக் கோப்புகள் ஆகிவிடும். கணினியைக் கையில் வைத்திருப்பவரே, மறைகுறியாக்கம் இல்லாதவரை, அதன் நிர்வாகி ஆக முடியும் என்பதற்கு இதுவே காரணம். கீழே விளக்கப்படும் வழிமுறைகளில் பெரும்பாலானவை இக்கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டவை.

## அணுக்கம் இழக்கப்படுவதற்கான காரணங்கள்

மேம்படுத்தலின்போது பின்வரும் காரணங்களால் நிர்வாகி உரிமை இழக்கப்படலாம்:

* அமைப்புக் கோப்பு மாற்றீடு: டெபியன் வழிவந்த லினக்ஸ் வழங்கல்களில், பயனர் திருத்திய அமைப்புக் கோப்பைத் தக்கவைப்பதா, பொதியுடன் வரும் புதிய கோப்பை இடுவதா என்று மேம்படுத்தலின்போது கேட்கப்படும். சூடோவின் அமைப்புக் கோப்புக்குப் புதியதைத் தேர்ந்தால், முன்னர் அதில் சேர்த்த உரிமைகள் நீங்கிவிடும்.
* குழுப்பெயர் மாற்றம்: உபுண்டுவில் நிர்வாகிகளுக்கான குழு தொடக்கத்தில் அட்மின் எனப்பட்டது. 2012 ஏப்ரலில் வெளியான 12.04 பதிப்பு முதல் அது சூடோ என்னும் குழுவாக மாறியது. பழைய பெயரும் ஏற்கப்பட்டதாயினும், கையால் திருத்தப்பட்ட அமைப்புகளில் இரண்டுக்கும் இடையே பொருத்தமின்மை தோன்றக்கூடும்.
* உள்ளமைந்த கணக்கு முடக்கம்: எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்கு மேம்படுத்தும்போது, உள்ளமைந்த நிர்வாகி கணக்கைத் தவிர வேறு நிர்வாகி கணக்கு ஒன்று இருந்தால் உள்ளமைந்தது முடக்கப்பட்டது. அதையே நாள்தோறும் பயன்படுத்தியவருக்கு மறுநாள் அக்கணக்கு கிட்டவில்லை.
* கணக்கு வகை மாற்றம்: மாக் கணினிகளில் மேம்படுத்தலுக்குப் பின் நிர்வாகி கணக்கு சாதாரணக் கணக்காக மாறியதாகப் பயனர்கள் தெரிவித்ததுண்டு.
* விசைப்பலகை அமைப்பு மாற்றம்: கடவுச்சொல் சரியாக இருந்தும், விசைகள் வேறு எழுத்துகளைத் தருவதால் ஏற்கப்படாமை.
* இடையில் நின்ற மேம்படுத்தல்: மின்தடையால் மேம்படுத்தல் பாதியில் நிற்க, பொதிகளில் சில புதியனவாகவும் சில பழையனவாகவும் எஞ்சுதல்.
* மீட்புச் சாவி கோரப்படல்: அடிநிலை மென்பொருளையோ தொடக்க அமைப்பையோ மாற்றிய பின்னர், மறைகுறியாக்கம் செய்யப்பட்ட வன்தட்டைத் திறக்க மீட்புச் சாவி கேட்கப்படல்.

பயனரின் தவறான கட்டளையும் ஒரு காரணம் ஆகும். லினக்ஸில் பயனரைப் புதிய குழுவொன்றில் சேர்க்கும் கட்டளைக்கு, ஏற்கனவே உள்ள குழுக்களுடன் கூட்டுக என்னும் விருப்பக்குறியைத் தராவிட்டால், பழைய துணைக்குழுக்கள் அனைத்திலிருந்தும் பயனர் நீக்கப்படுவார். மேம்படுத்தலுக்குப் பின் அச்சுப்பொறி இயங்கவில்லை என்று அதற்கான குழுவில் தம்மைச் சேர்க்க முனைந்து, சூடோ குழுவிலிருந்து தம்மையே நீக்கிக்கொள்ளல் இவ்வகையைச் சேர்ந்தது.

## மீட்கும் வழிமுறைகள்

கீழ்க்காணும் எதனையும் தொடங்கும் முன், சிக்கல் எவ்வகையினது என்பதைத் தெளிய வேண்டும். கடவுச்சொல் ஏற்கப்படவில்லையெனில் அது அடையாளம் பற்றிய சிக்கல். உள்நுழைய முடிந்தும் நிர்வாகச் செயல்கள் மறுக்கப்படின் அது உரிமை பற்றிய சிக்கல். பின்னதில் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயன் இல்லை. குழுவையோ அமைப்புக் கோப்பையோதான் சரிசெய்ய வேண்டும். கணினியில் வேறொரு நிர்வாகி கணக்கு இருந்தால், அதன் வழியே உள்நுழைந்து திருத்துவதே எல்லாவற்றிலும் எளியது.

### லினக்ஸ்

உபுண்டு, டெபியன் முதலியவற்றில் பொதுவான வழி பின்வருமாறு:

# கணினி தொடங்கும்போது பழைய வகைக் கணினிகளில் ஷிஃப்ட் விசையையும், புதியவற்றில் எஸ்கேப் விசையையும் அழுத்தி, கிரப் தொடக்கப் பட்டியலை வரவழைத்தல்.
# மேம்பட்ட விருப்பங்களின் கீழ் உள்ள மீட்பு நிலையைத் தேர்ந்து, ரூட் முனையத்தை அடைதல்.
# முதன்மைக் கோப்பு முறைமையை எழுதக்கூடியதாக மீண்டும் ஏற்றுதல். மீட்பு நிலையில் அது படிக்க மட்டுமே ஏற்றப்பட்டிருக்கலாம். இப்படியைத் தவறவிட்டால் கடவுச்சொல் மாற்றும் கட்டளை பிழைச்செய்தி தந்து நின்றுவிடும்.
# சிக்கலுக்கு ஏற்பக் கடவுச்சொல்லை மாற்றுதல், அல்லது பயனரைச் சூடோ குழுவில் கூட்டுதல், அல்லது சூடோ அமைப்புக் கோப்பைத் திருத்துதல்.
# கணினியை மீளத் தொடக்குதல்.

சூடோ அமைப்புக் கோப்பைச் சாதாரண உரைத்தொகுப்பியால் நேரடியாகத் திருத்தலாகாது. அதில் ஓர் இலக்கணப் பிழை நேர்ந்தாலும் சூடோ முற்றிலும் இயங்க மறுக்கலாம். சேமிக்கும் முன் பிழை பார்க்கும் விசூடோ என்னும் நிரலையே பயன்படுத்த வேண்டும். சொந்த விதிகளை முதன்மைக் கோப்பில் எழுதாமல், அதற்கென உள்ள துணை அடைவில் தனிக்கோப்பாக இட்டால், அடுத்த மேம்படுத்தலில் அவை மாற்றீட்டுக்கு உள்ளாகாது.

டெபியனில் நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டவர்களுக்கு ஓர் இடர் உண்டு. அவ்வாறு விட்டால் ரூட் கணக்கு பூட்டப்பட்டு, முதற் பயனருக்குச் சூடோ உரிமை வழங்கப்படும். பின்னர் மீட்பு நிலைக்குச் சென்றால், ரூட் கணக்கு பூட்டப்பட்டுள்ளதால் முனையத்தைத் திறக்க இயலாது என்ற செய்தியே வரும். அந்நிலையில் கிரப் பட்டியலில் கருனிக்குரிய வரியைத் திருத்தி, வழக்கமான தொடக்க நிரலுக்குப் பதிலாக ஒரு கட்டளைச் செயலியை நேரடியாக இயக்குமாறு செய்வர்.

இவை எவையும் கைகூடாதபோது, நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் குறுவட்டு அல்லது யுஎஸ்பி விரலி மூலம் கணினியைத் தொடக்கி, வன்தட்டை ஏற்றி, அதனுள் வேரடைவு மாற்றம் செய்து மேற்கூறிய கட்டளைகளை இயக்கலாம். 2011 வரை உபுண்டு திட்டம் ஷிப்இட் என்னும் சேவையின் வழியே இத்தகைய குறுவட்டுகளை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பிவந்தது. இணைய இணைப்பு மெதுவாக இருந்த அக்காலத்தில் இக்குறுவட்டு நிறுவுவதற்கும் மீட்பதற்கும் ஒருங்கே பயன்பட்டது.

மின்தடையால் பாதியில் நின்ற மேம்படுத்தலில், உபுண்டுவின் மீட்புப் பட்டியலில் உள்ள பழுதான பொதிகளைச் சீர்செய்யும் விருப்பம், நின்ற இடத்திலிருந்து பணியைத் தொடர உதவும்.

2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10 பதிப்பில், இயல்பான சூடோவின் இடத்தில் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட சூடோ-ஆர்எஸ் இடம்பெற்றது. பழைய சூடோவின் அரிதான அமைப்புகள் சிலவற்றை அது ஏற்பதில்லை. எனவே அத்தகைய அமைப்புகளைப் பயன்படுத்துவோர் மேம்படுத்தும் முன் அவற்றைச் சரிபார்த்தல் நன்று.

### விண்டோஸ்

விண்டோஸில் வழிமுறை கணக்கின் வகையைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைபவர், வேறொரு கணினியிலோ கைபேசியிலோ இணையம் வழியே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். அக்கணினியில் மட்டும் உள்ள உள்ளகக் கணக்காயின் பின்வருவன பயன்படும்:

* முன்னரே உருவாக்கி வைத்த கடவுச்சொல் மீட்பு வட்டு அல்லது விரலி.
* பாதுகாப்புக் கேள்விகள். இவ்வசதி 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பு முதல் உண்டு. முன்கூட்டியே விடைகளைப் பதிந்திருக்க வேண்டும்.
* பாதுகாப்பு நிலை. எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பில் உள்ளமைந்த நிர்வாகி கணக்கு பாதுகாப்பு நிலையில் மட்டும் தோன்றும். அதன் கடவுச்சொல் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும். விஸ்டாவிலும் விண்டோஸ் 7 இலும், வலையக் குழுமத்தில் சேராத கணினியில் இயங்கும் நிர்வாகி கணக்கு ஒன்றுகூட இல்லாதபோது மட்டும், முடக்கப்பட்ட உள்ளமைந்த கணக்கு பாதுகாப்பு நிலையில் அனுமதிக்கப்படும்.
* முந்தைய பதிப்புக்குத் திரும்பல். விண்டோஸ் 10 இன் தொடக்கத்தில் இதற்கு 30 நாட்கள் தரப்பட்டன. 2016 முதல் அது 10 நாட்களாகக் குறைக்கப்பட்டது.

உள்ளகக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியிலிருந்து வலிந்து மாற்றினால், விண்டோஸின் கோப்பு மறைகுறியாக்க வசதியால் அக்கணக்கில் பூட்டப்பட்ட கோப்புகளும், சேமித்த இணையக் கடவுச்சொற்களும் திறக்க இயலாமல் போகலாம். லினக்ஸிலும் இதற்கு இணையான நிலை உண்டு: நோம் பணிச்சூழலின் சாவிக்கொத்து பழைய கடவுச்சொல்லாலேயே பூட்டப்பட்டிருக்கும். ஆகவே பழைய கடவுச்சொல் நினைவுக்கு வர வாய்ப்பிருந்தால், மாற்றுவதற்கு விரையாமல் சற்றுப் பொறுப்பது நலம்.

### மாக்

ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணினிகளில், 2011 இல் வெளியான லயன் பதிப்பு முதல் வன்தட்டிலேயே மீட்புப் பிரிவு ஒன்று அமைந்தது. அதன் வழியே தொடக்கிக் கடவுச்சொல்லை மாற்றலாம். வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின் அதற்குரிய மீட்புச் சாவியோ ஆப்பிள் கணக்கோ வேண்டும்.

மேம்படுத்தலால் நிர்வாகி அணுக்கம் இழக்கப்படுவதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்று இவ்வியங்குதளத்தில் நேர்ந்தது. 2017 நவம்பர் 28 அன்று, ஹை சியாரா பதிப்பில் ரூட் என்ற பெயரையும் வெறுமையான கடவுச்சொல்லையும் தந்து எவரும் நிர்வாகி ஆகலாம் என்னும் வழு வெளியானது. மறுநாளே ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. எனினும் 10.13 பதிப்பில் திருத்தத்தை நிறுவிப் பின்னர் 10.13.1 பதிப்புக்கு மேம்படுத்திய கணினிகளில் அவ்வழு மீண்டும் தோன்றியது.

## தமிழ் விசைப்பலகையும் கடவுச்சொல்லும்

இரண்டு எழுத்துமுறைகளில் தட்டச்சு செய்பவர்களுக்கு இச்சிக்கலில் தனிக்கூறு ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்ற தமிழ்99 போன்ற விசைப்பலகை அமைப்பு செயற்பாட்டில் இருந்தபோது கடவுச்சொல் இடப்பட்டிருந்தால், சேமிக்கப்படுவது தமிழ் எழுத்துகளின் ஒருங்குறி மதிப்பிலிருந்து கணிக்கப்பட்டதாகும். கடவுச்சொற் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பயனர் இதை உணர்வதில்லை. மேம்படுத்தலுக்குப் பின் உள்நுழைவுத் திரை ஆங்கில அமைப்புக்கு மாறிவிட்டால், அதே விசைகளை அதே வரிசையில் அழுத்தினாலும் கடவுச்சொல் பொருந்தாது.

மீட்பு நிலையில் இது மேலும் கடினமாகும். லினக்ஸின் உரை முனையம் 512 எழுத்துருக்களுக்கு மேல் ஏற்காது. உயிர்மெய் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதியும் அதில் இல்லை. ஆகையால் அங்கு தமிழை உள்ளிடவும் படிக்கவும் இயலாது. தமிழ் இடைமுகத்துடன் கணினியைப் பயன்படுத்துபவரும் மீட்புப் பணியின்போது ஆங்கிலத்துக்கே வரவேண்டியுள்ளது.

ஆங்கில அமைப்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இந்தியாவில் விற்கப்படும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பினவை. நிறுவும்போது பிரித்தானிய ஆங்கிலத்தைத் தேர்ந்தவர்களுக்கு, 2 என்ற விசையின் மேலுள்ள @ குறி மேற்கோள்குறி விசைக்கு இடம்மாறும். சிறிய மடிக்கணினிகளில் எண்பூட்டு இயக்கத்தில் இருந்தால் வலப்புற எழுத்துவிசைகள் சில எண்களைத் தரும்.

இவற்றைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. அருகில் எவரும் இல்லாதபோது, கடவுச்சொல்லைப் பயனர்பெயர்ப் பெட்டியில் தட்டச்சு செய்து, திரையில் தோன்றும் எழுத்துகளைப் பார்த்தபின் அழித்துவிடலாம். கடவுச்சொல்லை எண்களாலும் அடிப்படை ஆங்கில எழுத்துகளாலும் மட்டும் அமைப்பது இச்சிக்கலை வராமலே தடுக்கும்.

## தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இப்பொருள் பெருமளவு மாணவர்களைத் தொடுவதற்குக் காரணம், அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆகும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பல குடும்பங்களில் வீட்டுக்கு வந்த முதற் கணினி இதுவே. அதன் நிர்வாகியாக இருக்கும் பொறுப்பு, முன்னர்க் கணினியை ஆளாத மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் வந்துசேர்ந்தது.

இம்மடிக்கணினிகள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களுடன் வந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007 இல் வெளியிட்ட இந்திய மொழி ஆதரவு கொண்ட வழங்கல் ஆகும். இவ்விரட்டை அமைப்பு மீட்புக்கு உதவக்கூடியது. விண்டோஸில் உள்நுழைய இயலாதபோது, கணினியைப் பாஸ் லினக்ஸில் தொடக்கி, விண்டோஸ் பிரிவில் உள்ள கோப்புகளை விரலிக்குப் படியெடுக்கலாம். வெளியிலிருந்து குறுவட்டு எதுவும் தேவையில்லை. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியால் கணினி முழுமையாக அணைக்கப்படாமல் இருந்தால், அப்பிரிவு படிக்க மட்டுமே கிடைக்கக்கூடும். படியெடுப்பதற்கு அதுவே போதும்.

அதே இரட்டை அமைப்பே இடராகவும் ஆகும். விண்டோஸை மீண்டும் நிறுவும்போது வன்தட்டின் தொடக்கப் பகுதி மேலெழுதப்பட்டு, கிரப் பட்டியலும் அதனுடன் பாஸ் லினக்ஸும் மறைந்துபோகலாம். லினக்ஸ் பிரிவு அழிந்துவிட்டதெனக் கருதப்படும் இந்நிலையிலும் அது வன்தட்டில் அப்படியே இருக்கும். கிரப்பை மீண்டும் நிறுவினால் திரும்பக் கிடைக்கும்.

திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகரங்களில், உள்நுழைய இயலாத கணினியைப் பழுதுநீக்கும் கடைக்கு எடுத்துச் செல்வதே வழக்கம். அங்கு கிடைக்கும் விரைவான தீர்வு பெரும்பாலும் பார்மட் எனப்படும் முழு அழிப்பே ஆகும். அதில் குடும்ப ஒளிப்படங்களும், கல்லூரித் திட்ட அறிக்கைகளும், சான்றிதழ்களின் படிகளும் சேர்ந்து அழியும். அம்மாவட்டத்தின் ஜவ்வாது மலைப்பகுதியில் உள்ள ஜமுனாமரத்தூர் மாணவருக்கு, கடைக்குச் செல்வதே போளூர் வழியாக மலையிறங்கி வரும் பயணம் ஆகும். கணினியைக் கடையில் தரும் முன், கோப்புகளை முதலில் படியெடுத்துத் தருமாறு கேட்பதும், கடவுச்சொல்லை மட்டும் மாற்ற இயலுமா என்று வினவுவதும் உரிமையாளரின் பொறுப்பாகும்.

மின்தடையும் இப்பகுதிகளில் ஒரு காரணியாக இருந்தது. 2012 அளவில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. மின்கலம் உள்ள மடிக்கணினிகள் ஓரளவு தப்பினாலும், தடையிலா மின்வழங்கி இல்லாத மேசைக்கணினிகளில் நீண்ட மேம்படுத்தலை முடிப்பது அரிதாயிற்று.

விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. 2017 க்கு முற்பட்ட செயலிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11 இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. எனவே இத்திட்டத்தின் பழைய மடிக்கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு லினக்ஸுக்கு மாறுதல் ஒரு வழியாக உள்ளது. 2025 மார்ச்சில் தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

## மறைகுறியாக்கமும் மீட்பும்

மேலே கூறப்பட்ட வழிகள் உரிமையாளருக்குத் திறப்பது போலவே, கணினியைத் திருடியவருக்கும் திறக்கும். இதைத் தடுக்கவே வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் முறைகள் வந்தன. விண்டோஸின் பிட்லாக்கர் 2007 இல் விஸ்டாவுடனும், மாக்கின் முழுவட்டு ஃபைல்வால்ட் 2011 இலும் வெளிவந்தன. உபுண்டுவின் மேசைக்கணினி நிறுவியில் இவ்விருப்பம் 2012 அக்டோபரில் சேர்க்கப்பட்டது.

தொடக்கத்தில் இவை விரும்பியவர் மட்டும் பயன்படுத்திய வசதிகள். இந்நிலை மாறியுள்ளது. 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழையும்போது, மறைகுறியாக்கம் பெரும்பாலான கணினிகளில் தானாகவே செயற்பாட்டுக்கு வருகிறது. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி அக்கணக்கில் சேமிக்கப்படும். கடைக்காரரின் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு கணினி தொடக்கப்பட்டிருந்தால், சாவியும் அவருடைய கணக்கிலேயே தங்கும். உரிமையாளர் இதை அறிவது, பின்னொரு நாள் மேம்படுத்தலுக்குப் பின் நீலத்திரை சாவியைக் கேட்கும்போதாக இருக்கலாம். அந்நிலையில் வேறொரு இயங்குதளத்தால் தொடக்கினாலும் வன்தட்டில் பொருளற்ற இலக்கங்களே தெரியும்.

இதன் விளைவைப் பேரளவில் காட்டிய நிகழ்வு 2024 சூலை 19 அன்று நேர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பழுதான இற்றைப்படுத்தல் ஒன்றால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் தொடங்க இயலாமல் நின்றன. இந்திய விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் வழங்கப்பட்டன. திருத்தம் எளியது: பாதுகாப்பு நிலையில் தொடக்கி, ஒரு கோப்பை நீக்க வேண்டும். ஆயினும் மறைகுறியாக்கம் செய்யப்பட்ட ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் மீட்புச் சாவி தேவைப்பட்டதால் பணி பல நாட்கள் நீண்டது.

## சட்டநிலை

இவ்வழிமுறைகள் கணினியின் உரிமையாளருக்கும் அவரது இசைவு பெற்றவருக்கும் மட்டுமே உரியன. இந்தியாவின் தகவல் தொழினுட்பச் சட்டம், 2000 இன் 43 ஆம் பிரிவு, உரிமையாளரின் இசைவின்றிக் கணினியை அணுகுவதைத் தடைசெய்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்குடன் அவ்வாறு செய்வது 66 ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுக்கும் உரிய குற்றமாகும். பள்ளி, கல்லூரி, அலுவலகக் கணினிகளில் சாதாரண உரிமை மட்டும் தரப்பட்டிருப்பது பழுது அன்று. அங்கு அந்நிறுவனத்தின் கணினி நிர்வாகியையே அணுகவேண்டும்.

## முன்னெச்சரிக்கைகள்

இயங்குதளத்தை மேம்படுத்தும் முன் பின்வருவனவற்றைச் செய்துகொண்டால், அணுக்கம் இழக்கப்பட்டாலும் மீட்பது எளிதாகும்:

* இரண்டாவது நிர்வாகி கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் ஒருமுறை உள்நுழைந்து பார்த்தல்.
* முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்தல்.
* மறைகுறியாக்கம் செயற்பாட்டில் உள்ளதா என அறிந்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக் கணினியிலிருந்து தனியே வைத்தல்.
* கணினி யாருடைய மின்னஞ்சல் கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது என்பதைச் சரிபார்த்தல்.
* நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் விரலி ஒன்றை ஆயத்தமாக வைத்தல். கணினி தொடங்க மறுத்த பின் அதை உருவாக்க வேறொரு கணினி தேவைப்படும்.
* மின்கலம் நிறைந்திருப்பதையும் மின்னிணைப்பு உள்ளதையும் உறுதிசெய்தல்.
* மேம்படுத்தல் முடிந்தபின், பணியில் இருக்கும் அமர்வை மூடும் முன்பே சூடோ அல்லது நிர்வாகி உரிமை இயங்குகிறதா எனச் சோதித்தல். திறந்திருக்கும் நிர்வாகி முனையம் ஒன்று, பிழையை உடனே திருத்த வாய்ப்பளிக்கும்.

## இவற்றையும் பார்க்க

* இயங்குதளம்
* கடவுச்சொல்
* மறைகுறியாக்கம்
* சூடோ
* பாஸ் லினக்ஸ்
* தமிழ்99